பொட்டு வைக்காத இழைப்புளி

மன்றத் தலைவர் அன்பரசு அவர்களே, இளம்பிள்ளை சேலை வியாபாரி ஆனந்தகுமார் அவர்களே, மறைந்த தீனதயாளன் அவர்களின் துணைவியார் சித்ரா அம்மையார் அவர்களே, மகன் சரவணக்குமார் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் அயோத்தியாப்பட்டணம் ஆராயி அம்மாள் அவர்களே, பெரியோர்களே, தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்தவர்களே, நிறுத்தாமல் வந்து ஒரு காதை அங்கேயே வைத்திருப்பவர்களே! எல்லோருக்கும் என் வணக்கம்.

என் பெயர் அறிவழகன். நாமக்கல்லில் லாரிக்குப் பாடி கட்டும் பட்டறை வைத்திருக்கிறேன். நம்முடைய பழங்கருவி ஆர்வலர் மன்றத்துக்குச் செயலாளர். இந்த இரண்டையும்விட இங்கே பேசுவதற்கு எனக்கு இன்னொரு தகுதி உண்டு. இந்த மன்றத்தில் தீனதயாளன் அவர்களோடு அதிகமாகச் சண்டை போட்டவன் நான்தான்.

எனக்கு முன்னால் பேசியவர்கள் அவரை ஆலமரம் என்றார்கள். ஆலமரம் சாய்ந்துவிட்டதே என்றார்கள். அவர் கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பார்? "ஆலமரம் எதுக்குங்க ஆகும்? ஒரு பெட்டி அடிக்கக்கூட லாயக்கில்லீங்களே" என்று சொல்லியிருப்பார்! மரத்தை மரமாகப் பார்த்த மனிதரை இப்படிப் பாராட்டுவது நியாயமா? இமயமலை என்று சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை. அவர் இந்தக் குமாரபாளையத்தில் விசைத்தறி உதிரிபாகக் கடை வைத்திருந்தார். மீதி நேரத்தில் பழைய இழைப்புளிகளை இனங்கண்டு, பழுது நீக்கி, மறுபடி மரம் சீவ வைத்தார். இதைக் கூட்டாமல் குறைக்காமல் சொல்லிவிட்டு இறங்குவதுதான் நான் அவருக்குச் செய்யும் மரியாதை.

இதோ, அவருடைய படத்துக்கு முன்னால் மேசையில் அவர் கருவிகளை அடுக்கி வைத்திருக்கிறார்கள். உளி இருக்கிறது, சுத்தியல் இருக்கிறது, சாணைக்கல் இருக்கிறது, இழைப்புளிகள் இருக்கின்றன. போன ஆயுத பூஜைக்கு வைத்த சந்தனமும் குங்குமமும் எல்லாவற்றிலும் அப்படியே இருக்கின்றன. ஒன்றே ஒன்றில் மட்டும் பொட்டு இல்லை. வந்தவர்களில் சிலர் என்னைக் கேட்டீர்கள். மறந்துவிட்டார்களா? இல்லை! வேண்டாமென்று விட்டார்களா? அதுவும் இல்லை! அந்த ஓர் இழைப்புளியைப் பற்றித்தான் நான் பேசப் போகிறேன். ஆராயி அம்மாளைப் பெயர் சொல்லி அழைத்ததற்கும் அதுதான் காரணம்.

இழைப்புளியைக் கண்ணால் பார்க்காத பிள்ளைகளும் இங்கே இருக்கலாம். மரத்தை வழவழப்பாகச் சீவும் தச்சுக் கருவி அது. மரக்கட்டையால் உடம்பு, நடுவில் ஒரு வாய், வாயில் சாய்வாகச் செருகிய எஃகுத் தகடு, தகடு ஆடாமல் இருக்க ஓர் ஆப்பு. இவ்வளவுதான் அதன் கட்டுமானம். தறி வீட்டில் பிறந்த தீனதயாளன் அவர்களுக்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? கடைக்கு வந்த மரச் சாமான்களில் சிலாம்பு இருந்தால் நூல் அறுந்துபோகும். அதைச் சீவி விற்பதற்காக ஒரு பழைய இழைப்புளி வாங்கினார். சீவும் வேலை முடிந்த பிறகும் அதைக் கீழே வைக்க அவருக்கு மனம் வரவில்லை. அப்படித்தான் ஆரம்பித்தது.

பழைய இழைப்புளி என்று ஒன்றைக் கொண்டுவந்தால் அவர் உடனே வாய் திறக்க மாட்டார். முதலில் தகட்டைக் கழற்றி அதன் பக்கவாட்டைப் பார்ப்பார். அந்தக் காலத்துத் தகடு முழுக்க எஃகாக இருக்காது. இரும்பின் முகத்தில் மெல்லிய எஃகை ஒட்ட வைத்து அடித்திருப்பார்கள். பக்கவாட்டில் அந்த இரண்டும் சேரும் கோடு தெரியும். பிறகு ஆப்பைப் பார்ப்பார். கைப்பிடி எந்தப் பக்கம் தேய்ந்திருக்கிறது என்று பார்ப்பார். கடைசியில்தான் பேசுவார், அதுவும் பாதிதான்.

ஆனந்தகுமார் அவர்கள் மேடையில் இருப்பதால் தைரியமாகச் சொல்கிறேன். ஒரு நாள் அவர் பட்டுத் துணியில் சுற்றி ஓர் இழைப்புளியைக் கொண்டுவந்தார். "வெள்ளைக்காரக் கலெக்டர் ஊட்டுல இருந்ததுங்க. இரநூறு வருசப் பழசு" என்றார். தீனதயாளன் அவர்கள் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நாங்களெல்லாம் சுற்றி நெருங்கி நின்றோம். அவர் மெதுவாக, "ஏனுங்க, கைப்பிடிய ஸ்டார் ஸ்குரூ போட்டு முடுக்கியிருக்குது. ஸ்டார் ஸ்குரூவுக்கு அத்தன வயசு இல்லீங்களே" என்றார். ஆனந்தகுமார் முகம் வாடிப் போயிற்று. உடனே இவர், "கைப்பிடி பின்னால மாத்துனதுங்க. உங்கூட்டுல ஆராச்சும் இத வெச்சு வேல செஞ்சாங்களா?" என்று கேட்டார். "எங்கப்பா செய்வாருங்க." "அப்பறம் என்னங்க, கலெக்டர் எதுக்கு? உங்கப்பா புடிச்ச கைப்பிடின்னு சொல்லுங்க!" ஆனந்தகுமார் இன்றைக்கும் அந்த அப்பா கதையைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறார். இல்லையா? தலையாட்டுகிறார், பாருங்கள்.

இந்தத் திறமைக்காக மன்றம் அவருக்கு 'இழைப்புளிச் செம்மல்' என்று பட்டம் கொடுத்தது. பொன்னாடை போர்த்தியது. மேடையை விட்டு இறங்கும்போது அவர் என் காதில் கேட்டார்: "செயலாளரே, செம்மல்னா என்னங்க?" எனக்கும் சரியாகத் தெரியவில்லை. அன்று இரண்டு பேரும் சிரித்தபடியே பஸ் ஏறினோம்.

சரி, சண்டை என்றேனே, என்ன சண்டை? சுத்தத்தைப் பற்றிய சண்டை! பழைய கருவி என்றால் துருவை மட்டும் தட்டி எடுத்துவிட்டு மற்றதை அப்படியே விட வேண்டும் என்பது என் கட்சி. அவருக்கு அது ஆகாது. தகட்டை வினிகரில் ஊறப் போட்டுத் தேய்ப்பார். உடம்பைக் கண்ணாடித் துண்டால் சுரண்டி, உள்ளே இருக்கும் மரத்தின் நிறம் வெளியே வரும்வரை விட மாட்டார். ஆளிவிதை எண்ணெய் பூசிக் காயவைப்பார். நேற்றுத்தான் செய்தது போலப் பளபளக்கும். என் கருவிகளைப் பார்த்தால், "செயலாளரு இழைப்புளியத் தொட்டா டிடி ஊசி போடோணுமுங்க" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்வார். நான் சும்மா இருப்பேனா? "உங்களுதத் தொட்டாப் பவுடர் வாசம் அடிக்குது" என்பேன். கண்காட்சிக்குக் கண்காட்சி இதே கச்சேரிதான்.

அப்படியிருக்கும்போதுதான் அயோத்தியாப்பட்டணத்தில் ஒரு பழைய இரும்புக் கடையில் இந்த இழைப்புளி அவருக்குக் கிடைத்தது. தகடு சீமைத் தகடு. உடம்பு நம் ஊர்த் தச்சர் ஒருவர் தன் கைக்கு ஏற்றபடி வேங்கை மரத்தில் செதுக்கியது. அதைப் பார்த்ததும் இனங்கண்டுவிட்டார். மேலெல்லாம் எண்ணெயும் தூசியும் ஏறிக் கருப்பாக இருந்தது. வழக்கம்போலச் சுரண்டினார். வழக்கம்போலப் பளபளக்க வைத்தார். சேலத்தில் நடந்த நம் கண்காட்சியில், எங்கே கிடைத்தது என்ற குறிப்போடு வைத்தார்.

இரண்டாம் நாள் ஓர் அம்மாள் வந்தார். தொடாதீர்கள் என்று எழுதியிருந்தது. அவர் தொட்டார். தொட்டது மட்டுமா? கையில் எடுத்து இடது பக்கத்தைத் திருப்பிப் பார்த்தார். பிறகு தீனதயாளன் அவர்களைப் பார்த்துக் கேட்டார்:

"ஏனுங்க, இதுல பொட்டு எங்கீங்க?"

"என்ன பொட்டுங்கம்மா?"

"எங்கப்பன் அயோத்தியாப்பட்டணத்துல ஆசாரி வேல பாத்தவருங்க. இது அவரு இழைப்புளியாட்டமே இருக்குது. அவருதுன்னா இந்தப் பக்கம் பொட்டு இருக்கோணும். எங்கம்மா போனதுக்கப்பறம் ஆயுத பூசைக்கு நாந்தான் பொட்டு வெப்பேன். முன்னால வெச்சா கை பட்டு அழியுதுன்னு இடது பக்கமா வெப்பேன். வெச்சு வெச்சு அந்த எடம் வட்டமாக் கருத்துப் போச்சுங்க. கழுவுனாலும் போகாது."

அந்த அம்மாள்தான் ஆராயி அம்மாள். அவர் கல்யாணமாகி ஆத்தூர்ப் பக்கம் இருந்தபோது அப்பா இறந்துவிட்டார். கருவிகளைச் சித்தப்பா அள்ளிக்கொண்டுபோய் இரும்புக் கடையில் போட்டுவிட்டார். அப்பாவுடையது என்று சொல்ல அந்த வீட்டில் ஓர் ஆணிகூட மிஞ்சவில்லை. இழைப்புளி ஒன்று அந்தக் கடையிலிருந்து வந்திருக்கிறது என்று யாரோ சொல்லக் கேட்டு, பஸ் பிடித்து வந்திருந்தார்.

கழுவினாலும் போகாததைத் தீனதயாளன் அவர்கள் சுரண்டி எடுத்திருந்தார்!

அவையோரே, சற்று யோசித்துப் பாருங்கள். தன் கடைத் தராசில் வைத்த பொட்டை வருடம் முழுக்கத் துடைக்காத மனிதர் அவர். தூசி தட்டும்போதுகூடப் பொட்டைச் சுற்றித்தான் துணியை ஓட்டுவார். நம் எல்லோர் வீட்டிலும் அப்படித்தானே? லாரி, தறி, தையல் மிஷின், எதில் வைத்த பொட்டையாவது நாம் துடைத்திருக்கிறோமா? அப்பேர்ப்பட்டவர் அடுத்த வீட்டுப் பொட்டை அழுக்கு என்று நினைத்துவிட்டார். வெள்ளைக்காரன் செய்த தகட்டைத் தேடும் கண்ணுக்கு நம் வீட்டுக் குங்குமம் தெரியாமல் போய்விட்டது.

"கருப்பா வட்டமா இருந்துச்சுங்களா?" என்று அந்த அம்மாள் மறுபடி கேட்டார்.

"கருப்பா இருந்துச்சுங்கம்மா. வட்டமான்னு பாக்கலீங்க. அழுக்குன்னு நெனச்சுட்டேன்."

"அழுக்கில்லீங்க சாமி" என்றார் ஆராயி அம்மாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் தீனதயாளன் அவர்களுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

சுரண்டுவதற்கு முன்னால் எடுத்த படம் ஏதாவது உண்டா? போனில் தேடினார். துருப்பிடித்த தகட்டின் படம் இருந்தது. உடம்பின் படம் இல்லை. நம் தலைவர் அன்பரசு அவர்கள் என்மேல் கோபிக்கக் கூடாது. அவர் தீனதயாளன் அவர்களைத் தனியே அழைத்துச் சொன்னார்: "வட்டமா இருந்துச்சுன்னு சொல்லிப் போடுங்க. வயசான அம்மா, சந்தோசமா எடுத்துட்டுப் போகட்டும்." நல்ல மனத்தோடுதான் சொன்னார். இந்த அவையில் பாதிப் பேர் அதைத்தான் சொல்லியிருப்போம். தீனதயாளன் அவர்கள் சொன்ன பதில் என்ன தெரியுமா? "தெரியாததத் தெரியும்னு சொல்லிட்டா, அப்பறம் எந்த மூஞ்சிய வெச்சுட்டு ஸ்டார் ஸ்குரூவப் பத்திப் பேசறதுங்க?"

திரும்பி வந்தார். எல்லோருக்கும் நடுவில் சொன்னார். "அம்மா, இது உங்கப்பாவுதா இருக்கலாம், இல்லாமயும் இருக்கலாம். அதச் சொல்லக்கூடிய ஒரே அடையாளத்த நாஞ் சுரண்டிப் போட்டேன். தப்பு என்னுதுங்க. ஊட்டுக்கு எடுத்துட்டுப் போங்க."

கொடுத்தார். வாங்கினாரா? இல்லை!

"வேண்டாங்க. எங்கப்பனுது இல்லீன்னா? ஆரோ ஒருத்தர் கருவிய எங்கூட்டுல வெச்சுப் பொட்டு வெச்சா எங்கப்பனுக்கு வெச்சதா ஆகுங்களா? அந்த மனுசனுக்குத்தான் ஆகுங்களா? ஆளு தெரியாத கருவிக்கு எப்பிடீங்க பொட்டு வெக்கறது?"

இதற்குப் பதில் உங்களிடம் இருக்கிறதா?

அதற்குப் பிறகு தீனதயாளன் அவர்கள் கடையைச் சரவணக்குமாரிடம் விட்டுவிட்டு அந்தக் கேள்விக்குப் பின்னால் அலைந்தார். இரும்புக் கடைக்காரரிடம் போனார். அவருக்கு எந்தச் சாமான் யார் வீட்டிலிருந்து வந்தது என்று நினைவில்லை. ஆராயி அம்மாளின் தந்தை செய்த கதவு, நிலை ஏதாவது இருந்தால் இந்த இழைப்புளியின் தடம் அதில் பொருந்துகிறதா என்று பார்க்கலாம் என்று போனார். ஆத்தூர் சாலையை அகலப்படுத்தியபோது அந்த வீடுகள் போய்விட்டன. இருந்திருந்தாலும் பயனில்லை என்பது அவருக்கே தெரியும். தகட்டு முனையைச் சாணை பிடித்துப் புதிதாக்கியிருந்தாரே! பூதக்கண்ணாடி வைத்து இடது பக்கத்தில் குங்குமக் கறை ஆழத்தில் எங்காவது மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தார். கொஞ்சமும் இல்லை. அரைகுறையாக வேலை செய்யத் தெரியாத மனிதர். அது அன்றைக்கு அவருக்கே எதிராகத் திரும்பிவிட்டது.

அடுத்த கண்காட்சியில் அதே இழைப்புளியை வைத்தார். குறிப்பை மாற்றி எழுதியிருந்தார். "யாருடையது என்று தெரியவில்லை. தெரிந்திருக்கக்கூடிய அடையாளத்தை அழித்தவர், தீனதயாளன்." நாங்கள் பதறிப்போனோம். மன்றத்துக்கு இது அவப்பெயர் என்று தலைவர் சொன்னார். நானும் சொன்னேன். "மன்றத்துப் பேர எழுதலீங்களே, எம்பேரத்தான எழுதியிருக்கறேன்" என்று முடித்துவிட்டார். அந்தக் குறிப்பு இல்லாமல் அவர் அதைப் பிறகு எங்கேயும் வைத்ததில்லை.

ஆனால் அதைக் கண்ணாடிப் பெட்டிக்குள் பூட்டவும் இல்லை. வேலை செய்யும் கருவியை அடைத்து வைப்பது பாவம் என்பார். மற்ற இழைப்புளிகளுக்கு ஆப்பு செதுக்குவது, கைப்பிடி சீவுவது எல்லாம் அதை வைத்துத்தான். அவர் உள்ளங்கைக்கு அது பழகிப்போயிற்று. ஆயுத பூஜை வந்தால் ஆராயி அம்மாளுக்குப் போன் போகும். அவரும் வருவார். பொரிகடலை வாங்கிக்கொள்வார். இழைப்புளியை எடுத்து அந்த இடது பக்கத்தைப் பார்ப்பார். கீழே வைத்துவிடுவார். எல்லாக் கருவிக்கும் பொட்டு வைக்கும் தீனதயாளன் அவர்களும் அதற்கு மட்டும் வைக்க மாட்டார். "அந்த எடம் என்னுது இல்லீங்க" என்பார்.

எங்கள் சண்டையும் அத்தோடு முடிந்துவிட்டது. அவர் கருவிகளைச் சுரண்டுவதை விட்டார். எந்தக் கருவி வந்தாலும், "ஆரூட்டுது? பொட்டு எங்க வெப்பாங்க?" என்பதுதான் முதல் கேள்வியாயிற்று. என் கட்சி ஜெயித்துவிட்டது என்று நீங்கள் நினைக்கலாம். ஒரு நாள் நான் வேண்டுமென்றே துருப்பிடித்த இழைப்புளி ஒன்றை அவர் மேசையில் வைத்தேன். டிடி ஊசியைப் பற்றிச் சொல்வார் என்று காத்திருந்தேன். அவர் அதைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நல்லா வெச்சிருக்கீங்க" என்றார். எனக்கு வேண்டியது பாராட்டு இல்லை, பழைய சண்டைதான்! சென்ற மாதம் அவர் கடையில் உட்கார்ந்தபடியே மாரடைப்பில் போய்விட்டார் என்று சரவணக்குமார் போன் செய்தபோது எனக்கு முதலில் அந்த வார்த்தைதான் நினைவுக்கு வந்தது. அவர் இல்லாதது எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. இதை ஒரு தடவைதான் சொல்வேன். சொல்லிவிட்டேன்.

இப்போது இன்றைக்கு நடந்ததைச் சொல்லி முடிக்கிறேன். கூட்டம் தொடங்குவதற்கு முன்னால் வாசலில் ஆராயி அம்மாள் என்னை நிறுத்தினார். முந்தானையில் ஏதோ முடிந்து வைத்திருந்தார்.

"சாமி, அந்த இழைப்புளிக்கு நான் பொட்டு வெக்கலாமுங்களா? குங்குமம் கொண்டாந்திருக்கறேன்."

நான் செயலாளர் அல்லவா? முறையாகப் பேச வேண்டும் அல்லவா? "அம்மா, அது உங்கப்பாவுதான்னு இன்னும் தெரியலீங்களே" என்றேன்.

"அது தெரியாதுங்க. இனித் தெரியவும் போறதில்ல. ஆனா இத்தன வருசமா அதப் புடிச்ச கை ஆருதுன்னு தெரியுமுங்களே! எங்கண்ணுல பாத்தேனுங்களே! ஆளு தெரிஞ்ச கருவிக்குப் பொட்டு வெக்கலாமுங்க."

சித்ரா அம்மையாரிடம் போய்க் கேட்டேன். காரியம் முடிந்து தீட்டுக் கழிந்துவிட்டது என்றார்கள் பெரியவர்கள். அம்மையார் சொன்னார்: "வெக்கட்டுங்க. அந்த எடத்த அவரு அவங்களுக்குத்தான் உட்டு வெச்சிருந்தாரு."

அன்பு நிறைந்த அவையோரே! இரங்கல் கூட்டம் என்றால் ஓர் உறுதிமொழி வேண்டும். சிலை வைப்போம் என்று நான் சொல்லப் போவதில்லை. தெரு ஒன்றுக்குப் பெயர் கேட்கப் போவதும் இல்லை. மன்றத்தின் சார்பில் இரண்டே பேச்சுத்தான். எங்கள் கைக்கு வரும் எந்தக் கருவியிலும் பொட்டுத் தடத்தின் மேல் எங்கள் கண்ணாடித் துண்டு படாது. எங்களுக்குத் தெரியாததைத் தெரியாது என்றே எழுதுவோம். இந்த இழைப்புளியின் குறிப்பை மட்டும் இன்றைக்கு மாற்றுகிறோம். தலைவரும் ஒப்புக்கொண்டுவிட்டார். "குமாரபாளையம் தீனதயாளனுடையது. அதற்கு முன் யாருடையது என்று தெரியவில்லை." அடையாளத்தை அழித்தவர் யார் என்ற வரி அப்படியே இருக்கும். அதை எடுத்தால் அவருக்குப் பிடிக்காது.

வழக்கமாக இந்த இடத்தில் எழுந்து நின்று, கடிகாரத்தைப் பார்த்து மௌனம் காப்போம். இன்று யாரும் கடிகாரத்தைப் பார்க்க வேண்டாம். இந்த அம்மாள் பொட்டு வைத்து முடிக்கும்வரை நின்றால் போதும். எல்லோரும் எழுந்திருங்கள்.

ஆராயி அம்மா, வாங்க. இடது பக்கம். அந்த இடத்தை இனி யாரும் துடைக்க மாட்டோம்.